மாடிஸ்தீனியும் மாடிசித்தீனியும்: பெங்களூரில் எம்எல்ஏ வேட்பாளர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

லிங்கராஜபுரத்துக்கு வீடு மாறி வந்து வாடகைக்கு இருக்கும் ஒரு பெண் கேட்ட கேள்வி இது. 2023 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறார். ஆனால் யார் எதற்காக நிற்கிறார்கள் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்த நாலு நோட்டீஸிலும் தண்ணீர், சாக்கடை, காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு), பூங்கா என்று ஒரே பட்டியல். கன்னடம் பேச வரும், படிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். 2028-ல் வரவேண்டிய தேர்தலிலாவது உள்ளூர் விஷயங்களில் யாருடைய நிலைப்பாடு என்ன என்று பார்த்து ஓட்டுப் போட வழி உண்டா என்று கேட்கிறார். "வீட்டுக்கு வந்து கும்பிடுகிறவனுக்குப் போடு, அவ்வளவுதான்" என்கிறாராம் அவருடைய அப்பா.

வழி உண்டு. ஐடிஐ டெலிபோன் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவன் நான். பழக்கதோஷம், மூன்று தேர்தலாக ஒரு பழைய பேரேட்டில் வேட்பாளர்களையும் பதிந்து வருகிறேன். முதல் தடவை தப்பான தலைப்புகளில் பதிந்தேன். வாக்குறுதிகளை வரிசையாக எழுதிவிட்டுப் பார்த்தால் நாலு பேருக்கும் ஒரே பக்கம். நீங்கள் மாட்டிக்கொண்டதும் அங்கேதான். "தண்ணீர் கொண்டுவருவேன்" என்பது நிலைப்பாடே அல்ல, அதை மறுத்துப் பேச ஊரில் ஆள் கிடையாது. ஒருத்தருக்காவது பிடிக்காத பதில் வந்தால்தான் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் எம்எல்ஏவின் கை எதுவரை நீளும் என்பது தெரிய வேண்டும். ஏட்டின்படி பார்த்தால் உங்கள் சந்தின் தெருவிளக்கு, குப்பை, சின்ன சாக்கடை எல்லாம் கார்ப்பரேட்டர், அதாவது வார்டு கவுன்சிலர் வேலை. ஆனால் பெங்களூரில் 198 வார்டுகளுக்கும் கார்ப்பரேட்டர்களைத் தேர்ந்தெடுத்தது 2015-ல். அவர்கள் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அதிகாரிகளை வைத்தே ஊர் ஓடியது. அந்த இடைவெளியில் ஜல்லி கொட்டுவதிலிருந்து பூங்கா கேட்டுக்கு பெயின்ட் அடிப்பது வரை எம்எல்ஏ ஆபீஸ் சொன்னபடிதான் நடந்தது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியைக் கலைத்து ஐந்தாகப் பிரித்து, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம் என்று ஒன்றை வைத்தார்கள். அதற்குத் தலைவர் முதலமைச்சர். ஊரின் எம்எல்ஏக்களும் அதில் உறுப்பினர்கள். ஆக, பெரிய முடிவு எடுக்கும் மேஜையில் உங்கள் எம்எல்ஏவுக்கு நாற்காலி இருக்கிறது. "அது மாநகராட்சி விஷயம், என் கையில் இல்லை" என்று யாராவது கைவிரித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

தண்ணீர் வாரியம், பிஎம்டிசி பஸ், பிடிஏ என்கிற நகர வளர்ச்சி ஆணையம், ஸ்லம் போர்டு, அரசுப் பள்ளி, டிராபிக் போலீஸ், இதெல்லாம் முன்பிருந்தே மாநில அரசின் கீழ்தான். உள்ளூர்ப் பிரச்சினை என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். நம் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு வந்தால் ஐந்தாவது நிமிஷம் மேகேதாட்டுக்குப் போய்விடும். உங்கள் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். கர்நாடகத்தின் மூன்று பெரிய கட்சிகளும் அங்கே அணை வேண்டும் என்றுதான் சொல்கின்றன. வித்தியாசமே இல்லாத இடத்தில் எதை ஒப்பிடுவது? 2018-ல் உச்ச நீதிமன்றம் பெங்களூரின் குடிநீருக்கென்று 4.75 டிஎம்சி கூடுதலாக ஒதுக்கியதோடு, எவ்வளவு தண்ணீர் என்ற பேச்சு எந்த எம்எல்ஏவின் கைக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஏற்றிக் கொண்டுவருகிற அந்தத் தண்ணீர் ஊருக்குள் வந்தபிறகு யாருக்கு எப்படிப் போகிறது என்பதில்தான் இவர்களுக்கு வேலை இருக்கிறது.

2024 கோடையை நினைத்துப் பாருங்கள். போர்வெல்கள் வற்றி, டேங்கர்காரர் சொன்னதே விலை என்றானது. மார்ச் மாதம் அரசு விலையை நிர்ணயித்தது: 5 கிலோமீட்டருக்குள் என்றால் 12,000 லிட்டர் டேங்கர் 1,000 ரூபாய். அந்த விலைக்கு உங்கள் தெருவில் டேங்கர் வந்ததா, எத்தனை நாள் வந்தது என்பது உங்களுக்கே தெரியும். அதே வருஷம் அக்டோபரில் காவிரி 5-ஆம் கட்டம் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர். 2007-ல் நகரத்தோடு சேர்த்த 110 கிராமங்களுக்காகப் போட்ட திட்டம். இப்போது வேட்பாளரிடம் கேட்கத் தகுந்த கேள்விகள் தானாக வருகின்றன. டேங்கர் விலைக் கட்டுப்பாட்டை எல்லாக் கோடையிலும் வைக்கச் சொல்வீர்களா, நெருக்கடி வந்தால் மட்டுமா? உங்கள் தொகுதியில் டேங்கர் ஓட்டுபவர்கள் உங்களுக்கே தேர்தல் வேலை பார்க்கிறார்களே, அப்போதும் இதே பதிலா? கனெக்‌ஷன் கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்குத் தவணை கேட்பீர்களா, தள்ளுபடி கேட்பீர்களா, அந்தப் பணத்தை வாரியத்துக்கு யார் கொடுப்பது? மூன்றாவது கேள்வியில் பாதிப் பேர் தண்ணீர் குடிப்பார்கள்.

காத்தா பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாடகைக்கு இருப்பதால் உங்களை நேராகத் தொடாது. ஆனால் பெங்களூர்த் தேர்தலில் இதைப்போல ஓட்டு வாங்கித் தந்த சரக்கு வேறில்லை. அனுமதி இல்லாத லேஅவுட்டில் சைட் வாங்கி வீடு கட்டியவர்கள் பி காத்தாவோடு, அதாவது முழு அங்கீகாரம் இல்லாத பதிவோடு காலம் தள்ளுகிறார்கள். முழு அங்கீகாரம் உள்ளது ஏ காத்தா. பேங்க் கடனிலிருந்து பிளான் சாங்ஷன் வரை எல்லாவற்றிலும் இடிக்கும். 'அக்ரம சக்ரம' என்ற பேரில் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தித் தருவோம் என்று கட்சிகள் மாற்றி மாற்றிச் சொல்லி வந்தன. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதன் பிறகும் அதையே நோட்டீஸில் போட்டவர்கள் உண்டு. ஆகவே "பி காத்தாவை ஏ காத்தா ஆக்குவேன்" என்று எவராவது சொன்னால், எந்தச் சட்டத்தின் கீழ், எவ்வளவு கட்டணத்துக்கு, ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) மேலே கட்டின வீட்டுக்கும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்பதும் "இல்லை" என்பதும் இரண்டுமே அவருக்கு ஓட்டு இழப்புதான். 2022 செப்டம்பர் மழையில் ரிங் ரோட்டில் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்களே, அந்த வெள்ளத்துக்கு அடைபட்ட ராஜகாலுவேக்களும் ஒரு காரணம்.

தமிழர்களுக்கு மறக்கக் கூடாத இன்னொரு விஷயம் ஈஜிபுரா. ஏழைகளுக்கென்று மாநகராட்சி கட்டிய குவார்ட்டர்ஸ். கட்டடம் இடிந்து விழுந்து, மக்கள் தகர ஷெட்டுகளுக்குப் போய், 2013 ஜனவரியில் போலீஸை வைத்து அவர்களையும் காலிசெய்தார்கள். அதில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. அந்த நிலத்தில் ஒரு பங்கைத் தனியார் பில்டருக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம். காலிசெய்த பிறகு பிளாட்பாரத்தில் வந்து உட்கார்ந்து ஆறுதல் சொன்ன தலைவர்களுக்குக் குறைவில்லை. ஒப்பந்தம் பேச்சாக இருந்தபோது வாய் திறந்தவர்களை எண்ணப் பார்த்தேன், ஒரு கை விரல் போதுமானதாக இருந்தது. அதனால் ஸ்லம் உள்ள தொகுதி என்றால் "எல்லோருக்கும் ஹக்கு பத்திரம்" என்ற வீட்டு உரிமைப் பத்திர வாக்குறுதியை அப்படியே விட்டுவிட்டு, அரசு குடியிருப்பு நிலத்தில் ஒரு பங்கைத் தனியாருக்குக் கொடுத்து வீடு கட்டும் முறைக்கு நீங்கள் ஒப்புவீர்களா என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் நியாயம் பேசலாம். அவர் எந்தப் பக்கம் என்பது நமக்குத் தெரிந்தால் போதும்.

பூமிக்கு அடியில் போடத் திட்டமிட்டிருக்கும் டனல் ரோடு பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டுக்குக் காரில் போகிறவருக்கு அது பெரிய விஷயம். லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் பிடிக்கிற உங்களுக்கு, அந்தப் பணத்தில் எத்தனை பஸ் விடலாம் என்பதுதான் விஷயம். 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு பஸ் இலவசம், சரி. டிக்கெட் இலவசமானால் போதுமா, பஸ் வரவேண்டாமா என்று எந்த வேட்பாளரிடமும் கேட்கலாம். யாருடைய தலைவலி என்பதைப் பொறுத்துத்தான் பட்டியல் போட வேண்டும். உங்களுக்கு மூன்று போதும்: தண்ணீர், பஸ், குப்பை. நாலாவதாகப் பிள்ளை படிக்கும் பள்ளி இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து தலைப்பு போட்டால் நீங்களே பாதியில் நோட்டை மூடிவிடுவீர்கள். எனக்கு முதல் தடவை அதுவும் நடந்தது.

பதில்கள் எங்கே கிடைக்கும்? கட்சி அறிக்கையில் தேடாதீர்கள். 2023-ல் மே 10-ஆம் தேதி ஓட்டு. பாஜக அறிக்கை வந்தது மே 1, காங்கிரஸ் அறிக்கை மே 2. ஒரு வாரத்தில் யார் படித்தார்கள்? அதில் இருந்த 200 யூனிட் மின்சாரமும் தினம் அரை லிட்டர் நந்தினி பாலும் கட்சி சொன்னவை. உங்கள் தொகுதி ஆளுக்கும் அதற்கும் சம்பந்தம் கைச்சின்னம், தாமரைச்சின்னம் மட்டும்தான்.

ஏற்கெனவே எம்எல்ஏவாக இருந்தவர் என்றால் வேலை சுலபம். சட்டமன்றத்தில் அவர் என்ன கேள்வி கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பது சட்டமன்ற இணையதளத்தில் இருக்கிறது. எல்லாம் கன்னடத்தில்தான். போன் கேமராவைக் காட்டினால் இப்போது தமிழில் ஓரளவு புரிகிற மாதிரி மாற்றித் தருகிறது. பொதுமேடையில் குடிநீருக்காகக் கண்ணீர் விட்டவர் ஐந்து வருஷத்தில் தண்ணீர் வாரியம் பற்றி ஒரு கேள்விகூட எழுதிக் கொடுத்ததில்லை என்று தெரிந்தால் வேறு ஒப்பீடே வேண்டாம்.

அப்புறம் எம்எல்ஏ நிதி. வருஷத்துக்கு 2 கோடி, ஐந்து வருஷத்துக்கு 10 கோடி. ஊருக்கு இது கொசுறு, ஆனால் மனுஷனுடைய புத்தி எங்கே போகிறது என்பதைக் காட்டிவிடும். சமுதாயக்கூடமா, கோயில் ஆர்ச்சா, பள்ளிக் கழிப்பறையா? இந்த நிதி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகத்தான் போகிறது. அங்கே 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு ஆர்டிஐ மனு போட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே ஒரு விஷயம்தான், 150 வார்த்தைக்குள். இந்த விதி தெரியாமல் நான் மூன்று பக்கம் எழுதிப் போட்டு அது திரும்பி வந்தது. "இந்தத் தொகுதிக்கு இந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை எம்எல்ஏ நிதியில் எடுத்த வேலைகளின் பட்டியல், தொகை, இடம்" என்று இரண்டு வரி போதும். தேர்தலுக்கு ஆறு மாசம் முன்பே போட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் ஆபீஸில் எல்லோரும் தேர்தல் டியூட்டியில் இருப்பார்கள்.

புதுமுகம் என்றால் படிவம் 26. வேட்புமனுவோடு கொடுக்கிற பிரமாணப் பத்திரம், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லோரும் சொத்து எத்தனை கோடி என்று மட்டும் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் பார்ப்பது நிலம் எங்கே இருக்கிறது என்பதை. சர்வே நம்பர், பரப்பு, வாங்கிய தேதி, விலை எல்லாம் அதில் உண்டு. ஊர் எல்லையில் லேஅவுட் போடுகிறவர் காத்தா பற்றிப் பேசுவதும், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் பார்க்கிங் பற்றிப் பேசுவதும் வேறு மாதிரிதான் இருக்கும். அது குற்றமில்லை, ஆனால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வழக்குகளிலும் எண்ணிக்கையைப் பார்க்காமல் பிரிவைப் பாருங்கள். ரோட்டை மறித்ததற்கு ஆறு வழக்கு இருப்பவரும், நில மோசடியில் ஒரே வழக்கு இருப்பவரும் ஒன்றல்ல.

கன்னடம் படிக்க வராது என்று வருத்தப்படுகிறீர்கள். அதிலேயே உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஹலசூர், ஸ்ரீராமபுரம் பக்கமெல்லாம் தமிழில் தனியாக நோட்டீஸ் வரும். ஒரு தடவை ஒரே வேட்பாளரின் தமிழ் நோட்டீஸையும் கன்னட நோட்டீஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தமிழில் "குடிசைப் பகுதியில் அனைவருக்கும் அதே இடத்தில் அடுக்குமாடி வீடு" என்று இருந்தது. கன்னடத்தில் அந்த வரியே இல்லை. அந்த இடத்தில் "ஆக்கிரமிப்பு இல்லாத தொகுதி" என்று போட்டிருந்தார்கள். இரண்டு நோட்டீஸிலும் ஒரே போட்டோ, ஒரே கும்பிடு. பக்கத்து வீட்டில் கன்னடம் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் பத்து நிமிஷ வேலை. மூன்று தேர்தலில் நான் செய்த ஒப்பீடுகளில் இதைப்போல எனக்குச் சொல்லிக் கொடுத்தது வேறில்லை.

இனி உங்கள் அப்பா சொன்னதற்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து கும்பிடுகிறவரை நானும் தவறவிடுவதில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக. தெருவில் மேளச் சத்தம் கேட்டால் கையில் பேரேட்டோடு வாசலுக்கு வந்துவிடுவேன். ஒரு தேர்தலில் காலையில் ஒருவர் வந்தார். கழுத்தில் ரோஜா மாலை, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு வீடு ஆரத்தித் தட்டு. நிற்பது இருபது வினாடி. "எங்கள் தெருவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள், இதற்கு என்ன செய்வீர்கள்?" என்றேன். பின்னால் நின்ற பையனைத் திரும்பிப் பார்த்து "பர்கொள்ளப்பா" என்றார், எழுதிக்கோ என்று. பையன் கையில் பேனாவே இல்லை. என்னிடம் திரும்பி "மாடிஸ்தீனி அண்ணா" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

சாயங்காலம் இன்னொருவர் வந்தார். அதே கேள்வி. அவர் போனை எடுத்துத் துழாவி, தண்ணீர் வாரியத்துக்கு எழுதின கடிதத்தைக் காட்டினார். வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் இருந்தன. "வால்வ் மாற்றினால் நேரம் மாறும், ஆனால் மேலத் தெருவுக்குப் பிரஷர் குறையும், அவர்கள் சண்டைக்கு வருவார்கள். முதலில் இங்கே கடைக்காரர்கள் படிக்கட்டை உள்ளே இழுக்க வேண்டும், அப்போதுதான் லைன் தோண்ட முடியும்" என்றார். பக்கத்தில் நின்ற மளிகைக் கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வால்வ் விஷயத்தில் "மாடிசித்தீனி" என்று சொல்ல இன்னொரு தெருவையும் காட்டினார். மறுநாள் நடந்துபோய் விசாரித்தேன், உண்மைதான்.

கன்னடத்தில் மாடிஸ்தீனி என்றால் செய்துவைக்கிறேன். மாடிசித்தீனி என்றால் செய்துவைத்திருக்கிறேன். அவசரத்தில் காதில் ஒரே மாதிரிதான் விழும். வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அந்த இரண்டாமவர் தோற்றுவிட்டார். மளிகைக் கடைக்காரர் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

கடைசியாகச் சின்னத்தை நம்புவது பற்றி ஒரு வார்த்தை. 2019-ல் கர்நாடகத்தில் எம்எல்ஏக்கள் ராஜினாமா செய்து ஆட்சி கவிழ்ந்தது. டிசம்பரில் இடைத்தேர்தல். பெங்களூரில் கே.ஆர்.புரம், யஷ்வந்த்பூர், மகாலட்சுமி லேஅவுட் மூன்றிலும் முன்பு ஜெயித்த அதே ஆட்கள் வேறு சின்னத்தில் நின்று மறுபடி ஜெயித்தார்கள். அதனால் என் பேரேட்டில் கட்சிக்குப் பக்கம் கிடையாது, ஆளுக்குத்தான் பக்கம். கட்சி மாறினால் மேலே பென்சிலில் குறித்துக்கொள்வேன். எதிர்க்கட்சியில் இருந்தபோது டேங்கரைப் பற்றிப் பேசியவர் ஆளுங்கட்சிக்குப் போனபிறகும் அதையே பேசுகிறாரா என்று ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தைக் கேட்கவே மறந்துவிட்டேன். வீடு மாறி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஓட்டர் ஐடியில் பழைய விலாசமே இருக்கிறதா? படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், ஆன்லைனிலேயே செய்யலாம். எந்தத் தொகுதி என்று அதைப் பார்த்த பிறகுதான் நோட்டில் முதல் பெயரை எழுத முடியும்.